சித்தி வீட்டுக் கணக்கு நோட்டு: ரங்கூனில் ஏழு நாள்

ஜனவரி 10, 2025, வெள்ளி

பாங்காக்கில் விமானம் மாறி, பிற்பகலில் ரங்கூன் வந்து இறங்கினேன். ஊருக்கு இப்போது யாங்கூன் என்று பெயர். எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை, ஆகவே எனக்கும் ரங்கூன்தான்.

நான் பிறந்த ஊர் இது. 1965-இல் அம்மாவும் அப்பாவும் தாத்தா பாட்டியும் கப்பலேறி மெட்ராஸ் வந்து வியாசர்பாடியில் குடியேறியபோது எனக்கு ஒன்றரை வயசு. சித்திக்கு அதற்கு முந்தின வருஷம்தான் இங்கே கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கிளம்பவில்லை, சித்தியும் நின்றுவிட்டாள். இப்போது அவளுக்கு 79. அம்மா காரியத்துக்கு வந்தபோது பார்த்ததுதான்.

சித்தி மகன் விமான நிலையத்துக்கு வந்திருந்தான். முதல் வேலையாக என் டாலர் நோட்டுகளை வாங்கி, முகூர்த்தப் புடவை பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"அண்ணே, இது ரெண்டும் செல்லாது."

"ஏன்டா, நல்ல நோட்டுதானே?"

"நடுவுல மடிப்பு இருக்கு பாருங்க. கடைக்காரன் தொட மாட்டான்."

மடியாத நோட்டுக்குத் தெரிந்த கடையில் நாலாயிரத்துச் சொச்சம் கியாட் கிடைத்தது. அரசாங்கக் கணக்கில் ஒரு டாலர் 2,100 கியாட்தான். எனக்கு உடனே தொழில் புத்தி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தை 2,100-ஆல் வகுத்தால் ஒரு தொகை, கடைக்காரன் விலையால் வகுத்தால் அதில் பாதி. நாடு பணக்கார நாடா ஏழை நாடா என்பதை எந்த எண்ணால் வகுக்கிறோம் என்பதே தீர்மானித்துவிடுகிறது. இதாவது பரவாயில்லை. 2012 ஏப்ரல் வரைக்கும் அரசாங்க விலை டாலருக்கு ஆறு கியாட்டுச் சொச்சம், வெளியே 800!

தொழில் புத்தி என்றேன். தேசிய மாதிரி ஆய்வில் கள ஆய்வாளனாக இருந்து 2023 கடைசியில் ஓய்வு பெற்றவன் நான். மகலனோபிஸ் 1950-இல் தொடங்கி வைத்த ஆய்வு அது. வீடு வீடாகப் போய், 'கடந்த 30 நாளில் எத்தனை கிலோ அரிசி, கடந்த 7 நாளில் எத்தனை முட்டை' என்று கேட்பதுதான் என் வாழ்க்கை. ஓய்வு பெற்ற பிறகும் யார் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் மனசுக்குள் படிவம் திறந்துகொள்கிறது. வீட்டுக்காரி இதற்காகவே என்னைக் கல்யாண வீடுகளுக்குக் கூட்டிப்போவதில்லை.

ஜனவரி 11, சனி

காலை நாலு மணிக்குத் தெருவே விழித்துக்கொண்டது. "மீ லா பீ!" என்று எதிர்வீட்டுப் பையன் கத்தினான். கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். தம்வேயில் சித்தி இருப்பது மூன்றாவது மாடி. மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றுவது, சோறு வைப்பது, இஸ்திரி, போன், கைவிளக்கு, பேட்டரி எல்லாவற்றுக்கும் சார்ஜ் என எல்லா வேலையையும் அந்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும். தம்பி மனைவி மூன்று கை உள்ளவள்போல் ஓடினாள். ஏழரைக்குப் போய்விட்டது. அடுத்த தெருவில் வசதியுள்ளவர்கள் மாடியில் சூரிய ஒளித் தகடு மின்னிக்கொண்டிருந்தது.

டீ குடித்துக்கொண்டிருந்தபோது சித்தி வெற்றிலைப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். ரூல் போட்ட பள்ளிக்கூட நோட்டு, அட்டையில் பிள்ளையார் சுழி. 1990-லிருந்து எழுதுகிறாளாம், இது எத்தனையாவது நோட்டு என்று அவளுக்கே நினைவில்லை. நான் கேட்காமலே நீட்டினாள். "நீ கணக்கு எடுக்கிற ஆளுன்னு உங்கம்மா சொல்லுவா. பாரு."

இடப்பக்கம் அளவு, வலப்பக்கம் விலை. அரிசி 'பீ' கணக்கில் (நம் ஊர்ப் படி மாதிரி ஓர் அளவு), எண்ணெய் வீசைக் கணக்கில். வீசை நம் ஊரில் செத்துப்போன அளவு. நம்மிடமிருந்து கப்பலேறிய அந்தச் சொல்லை வெள்ளைக்காரன் 'விஸ்' ஆக்கினான், பர்மியர் 'பெய்தா' என்பார்கள். இங்கே இன்னும் கறிக்கடைத் தராசில் உட்கார்ந்திருக்கிறது, ஒன்று ஏறக்குறைய 1.6 கிலோ.

பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினேன். 2019-இல் மாதம் எண்ணெய் இரண்டு வீசை, கோழி வாரம் ஒரு தடவை, இறால் என்று இரண்டு இடத்தில் இருக்கிறது. 2022-இல் எண்ணெய் ஒன்றரை ஆயிற்று, 'கியூ 3 மணி நேரம்' என்று ஓரத்தில் குறிப்பு. பாமாயில் மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வர வேண்டும், அதற்கு டாலர் வேண்டும். 2024-இல் எண்ணெய் ஒரு வீசை. இறால் இல்லை. கோழி இருந்த இடத்தில் முட்டை. 2024 ஆகஸ்டுக்குப் பிறகு வலப்பக்கம் காலி.

"விலை ஏன் சித்தி எழுதலை?"

"எழுதினா நெஞ்சு படபடங்குது. எவ்வளவு வந்துச்சுன்னு மட்டும் போதும்."

ஆகஸ்டில்தான் கியாட் தலைகுப்புற விழுந்தது. புள்ளிவிவரக்காரன் எழுத நாலு பக்கம் எடுத்துக்கொள்வதை அந்தக் காலிப் பத்தி ஒரே பார்வையில் சொல்லிவிட்டது.

செலவுப் பக்கம்தான் இருக்கிறது, வரவுப் பக்கம் இல்லை. இதுவும் எனக்குப் பழக்கம்தான். தர்மபுரிப் பக்கம் ஒரு கிராமத்தில் 'மாச வருமானம் எவ்வளவு' என்று கேட்டதும் ஒரு அம்மா கதவைச் சாத்திவிட்டார். மறுநாள் போய் 'போன வாரம் எத்தனை முட்டை வாங்கினீங்க' என்றேன், உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார். இந்தியா வருமானத்தை விட்டுச் செலவைக் கேட்பதற்குப் பெரிய தத்துவமெல்லாம் இருக்கிறது. என்னைக் கேட்டால் பாதிக் காரணம் அந்தச் சாத்திய கதவுதான்.

இந்த வீட்டு வரவு எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அண்ணன். தம்பி பயின்னாவ் மண்டியில் பருப்புத் தரகர் ஒருவரிடம் கணக்குப்பிள்ளை. நாம் சென்னையில் தின்னும் இட்லி உளுந்தில் ஒரு பங்கு அந்த மண்டி வழியாக வருவது. வருஷத்துக்கு 2.5 லட்சம் டன் உளுந்து, 1 லட்சம் டன் துவரை வாங்கிக்கொள்வதாக 2021-இல் இந்தியா ஒப்பந்தம் போட்டது. அனுப்புகிறவருக்கு டாலர் வருகிறது, ஆனால் அதில் ஒரு பங்கை அரசாங்க விலைக்கே விற்றாக வேண்டும். அந்த நஷ்டத்தை அவர் விவசாயி தலையில் கட்டுவார், கொஞ்சம் கணக்குப்பிள்ளை சம்பளத்திலும்.

இன்னொரு வரவு பினாங்கிலிருந்து. தம்பி மகனுக்கு 24 வயசு. போன பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தார்கள், 18 முதல் 35 வரை உள்ள ஆண்களுக்கு. அடுத்த இரண்டு மாதத்தில் பையன் மலேசியா போய்ச் சேர்ந்தான், ஒரு சாப்பாட்டுக் கடையில் நிற்கிறான். பணம் உண்டியலில், அதாவது வங்கியைத் தொடாமல் ஆள் கை மாறி வருகிறது. சம்பளத்தில் கால் பங்கை வங்கி வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்பது பர்மா அரசாங்கச் சட்டம். வங்கி தரும் விலைக்கும் உண்டியல்காரர் தரும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் யார் அனுப்புவார்கள்? ஆக, இந்த வீட்டின் பெரிய வருமானம் எந்தக் கணக்கெடுப்பிலும் வராது. கேட்டால் சித்தியும் சொல்ல மாட்டாள்.

ஜனவரி 12, ஞாயிறு

பான்சோடான் படித்துறையிலிருந்து ஆற்றின் எதிர்க்கரை டாலாவுக்குப் படகு, பத்து நிமிஷம். இந்தப் பக்கம் பழைய ஐகோர்ட்டும் ஓட்டல்களும், அந்தப் பக்கம் மூங்கில் தட்டி வீடுகள். நடுவே தென் கொரியாவின் கடனில் ஒரு பாலம் எழும்பிக்கொண்டிருக்கிறது. கொரியப் போரின்போது பர்மா அந்த நாட்டுக்கு அரிசி அனுப்பி உதவியது. படகில் நின்றபடி இதைத் தம்பியிடம் சொன்னேன். "அப்ப நாம கொடுத்த அரிசிக்கு அவன் வட்டி கட்டலையேண்ணே" என்றான்.

சித்தியின் நாத்தனார் குடும்பம் டாலாவில் இருக்கிறது. நாத்தனார் மகன் வழிப் பேத்தி ஹ்லாய்ங் தாயாவில் தையல் ஆலையில் வேலை பார்க்கிறாள். இருபது வயசு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவாள். அந்த ஆலைகளில் பெரும்பாலும் ஐராவதி டெல்டாப் பெண்கள்தான். 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் எல்லாம் போய் வந்து சேர்ந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும். தைக்கிற சட்டை ஐரோப்பாவுக்குப் போகிறது.

"சம்பளச் சீட்டைக் காட்டுவியாம்மா?" என்றேன். கெட்ட பழக்கம்.

"இருக்கு மாமா" என்று போனில் படம் காட்டினாள். எழுத்து பர்மிய மொழி, எண்ணும் பர்மிய எண்தான். விரலால் தொட்டுத் தொட்டுத் தமிழில் சொன்னாள். நாள் கூலி 4,800 கியாட், 2018-இல் வைத்தது, அப்படியே இருக்கிறது. அதோடு 2023-இல் ஆயிரம், 2024-இல் இன்னொரு ஆயிரம், இரண்டும் 'படி'. ஆக 6,800. படி என்று பெயர் வைத்ததில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, ஓவர்டைம் கணக்குப் போடும்போது அது சேராது. 2018-இல் 4,800 கியாட் என்றால் மூன்றரை டாலர். இன்று 6,800 கியாட் ஒன்றரை டாலர். கூலி ஏறியதா இறங்கியதா என்று கியாட்டில் பார்த்தால் ஏறியிருக்கிறது.

தாய்லாந்தில் இந்த மாதத்திலிருந்து குறைந்தபட்ச நாள் கூலி 337 முதல் 400 பாட் வரை. குறைந்ததை எடுத்தாலும் பத்து டாலர் கிட்டே வருகிறது. ஆற்றுக்கு இக்கரையும் அக்கரையும் எனக்கு ஏற்றத்தாழ்வாகத் தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கு அது தாய்லாந்தை ஒட்டிய மாய்வாடி எல்லையில் இருக்கிறது, தாண்டினால் மேஸோட்டு. "என் கூட வேலை பார்த்தவங்க பாதிப் பேர் மேஸோட்டு போயிட்டாங்க மாமா. நான் பாட்டிக்காக இருக்கேன்."

இப்போது ஒரு கணக்கு சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தாழ்வை அளக்க ஜினி என்று ஓர் எண் உண்டு. எல்லோருக்கும் சமம் என்றால் 0, ஒருவனிடமே எல்லாம் என்றால் 100. பர்மாவுக்கு 2017-இல் 30.7. மலேசியாவுக்கு 2022-இல் 40.4. இதை மட்டும் பார்த்தால் பர்மாதான் சமத்துவ பூமி, அந்தச் சமத்துவத்தை விட்டுப் பையன்கள் ஏற்றத்தாழ்வு மிகுந்த பினாங்குக்கு ஓடுகிறார்கள். எண்ணில் பொய் இல்லை. ஆனால் பர்மாவில் கேட்டது செலவை, மலேசியாவில் கேட்டது வருமானத்தை. வசதியுள்ளவன் வருமானத்தைப் போல் வயிறு பெருப்பதில்லை, மிச்சம் நிலமாக, நகையாக, வங்கியில் உட்கார்ந்துவிடும். அதனால் செலவில் பார்த்தால் வித்தியாசம் எப்போதும் சின்னதாகத் தெரியும். நம் ஊரிலும் இந்தக் கூத்து உண்டு. 2022-23 செலவுக் கணக்கில் உலக வங்கி இந்தியாவுக்குப் போடும் ஜினி 25 சொச்சம். வருமானத்தை வைத்து வேறு ஆய்வாளர்கள் போட்டால் 60-ஐத் தாண்டுகிறது. அந்த 25-இல் நான் கேட்டு எழுதிய முட்டைகளும் இருக்கின்றன. பங்களா வீடுகளில் வாட்ச்மேனைத் தாண்டி உள்ளே போக முடியாமல் திரும்பிய நாட்களும் இருக்கின்றன.

ஜனவரி 13, திங்கள்

போகி. பழையதை எரிக்கவில்லை, இங்கே எரிக்கிற அளவுக்குப் பழசு யாரிடமும் இல்லை. நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. இன்று இவ்வளவுதான்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மாடி வீடு என்பதால் கரி அடுப்பை வராந்தாவில் வைத்துப் பொங்கினார்கள். பால் பொங்கியதும் கீழ்வீட்டுப் பர்மியக் கிழவியும் சேர்ந்து கைதட்டினாள். ஆறு வயசிலிருந்து பொங்கல் தின்று வளர்ந்தவளாம். தம்பி மனைவி முந்திரிக்குப் பதில் நிலக்கடலை போட்டிருந்தாள். நன்றாகவே இருந்தது.

சாப்பிட்டபின் சித்தி ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தாள். உள்ளே கட்டுக் கட்டாக 75 கியாட், 35 கியாட் நோட்டு. ராணுவத் தளபதி நே வின் ஆட்சியில் இப்படி விநோத எண்ணில் நோட்டு அடித்தார்கள். 1987 செப்டம்பரில் ஒரு நாள் 25, 35, 75 மூன்றும் செல்லாது என்று அறிவித்தார்கள். மாற்று கிடையாது. புழக்கத்தில் இருந்த பணத்தில் பாதிக்கு மேல் காகிதமாயிற்று. அதற்குப் பதிலாக வந்தவை 45, 90, ஒன்பதால் வகுபடும் எண்கள். ஒன்பது ராசி என்று தலைவருக்கு நம்பிக்கை. அதே வருஷக் கடைசியில் ஐ.நா. இந்த நாட்டை மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் சேர்த்தது. அடுத்த வருஷம் கிளர்ச்சியில் ஊர் பற்றி எரிந்தது.

1964-இல் 50, 100 நோட்டுகள் செல்லாது என்றார்கள், 1985-இல் மறுபடி, 1987-இல் மூன்றாவது தடவை. "மூணு தடவை ஏமாந்தவ நான்" என்றாள் சித்தி. சித்தப்பா தையல் மெஷின் இரண்டு வாங்கச் சேர்த்த பணமாம் டின்னில் இருப்பது. அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் கியாட்டைச் சேர்த்து வைக்கவில்லை. மிஞ்சினால் தங்கம், முடிந்தால் டாலர். பொருளாதாரப் பாடத்தில் வீட்டுச் சேமிப்பு வங்கிக்கு வரும், வங்கி அதைத் தொழிலுக்குக் கடன் கொடுக்கும், நாடு வளரும் என்று படிப்போம். ஜப்பானிலும் கொரியாவிலும் அப்படித்தான் நடந்தது. இங்கே சேமிப்பு சித்தியின் காதில் தொங்குகிறது.

ஜனவரி 15, புதன்

தம்பி லீவு போட்டு மொகல் தெருவுக்குக் கூட்டிப்போனான். இப்போது ஷ்வே போன்தா தெரு. நகைக்கடைகளில் விற்பவர்களும் வாங்குபவர்களும் கலந்து நின்றார்கள். ஒரு பர்மிய அம்மா வளையலைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் செல்போன் கணக்கில் பணம் ஏறியதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு காலத்தில் செட்டியார் கிட்டங்கிகள், அதாவது வட்டிக்கடைகள், வரிசையாக இருந்த தெரு இது. கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களுக்குக் கடன் இங்கிருந்துதான் போயிற்று. யுத்தத்துக்கு முன்னால் உலகத்திலேயே அதிக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா, வருஷத்துக்கு 30 லட்சம் டன். 1930-இல் நெல் விலை சரிந்தது. கடனைக் கட்ட முடியாதவன் நிலத்தைக் கொடுத்தான். 1930-இல் 13 முக்கிய நெல் மாவட்டங்களின் நிலத்தில் 6 சதவீதம் செட்டியார்களிடம் இருந்தது. 1938-இல் 25 சதவீதம். அவர்கள் கேட்டது வட்டி, வந்து சேர்ந்தது சேறும் பகையும். பர்மிய விவசாயியின் கோபத்தை வரலாறு பூராவும் பேசுகிறது, நியாயம்தான்.

ஆனால் என் தாத்தா செட்டியாரில்லை. மேஸ்திரி கையில் முன்பணம் வாங்கிக் கைநாட்டு வைத்து, அரிசி ஆலையில் மூட்டை சுமக்க வந்தவர். 1931-இல் ரங்கூன் ஜனத்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர், அதில் பெரும்பாலோர் தாத்தா மாதிரிதான். மேஸ்திரி கழித்தது போக என்ன மிஞ்சியது என்று அவர் சொன்னதே இல்லை. மே 1930-இல் இந்தியத் துறைமுகக் கூலிகளுக்கும் பர்மியக் கூலிகளுக்கும் கலவரம் மூண்டபோது செத்தவர்களும் மூட்டை தூக்குகிறவர்கள்தான். 'இந்தியன் சுரண்டினான்' என்ற ஒற்றை வரியில் கிட்டங்கிக்காரரும் என் தாத்தாவும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். சராசரி போடுவதில் உள்ள ஆபத்து இதுதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு பர்மாவும் நிலத்தை நாட்டுடைமையாக்கியது, 1948-இல் சட்டம், 1953-இல் இன்னொன்று. கொரியாவும் அதே காலத்தில் நிலத்தைப் பங்கிட்டது. பிறகு ஏன் இவ்வளவு தூரம் விலகிப்போயிற்று? ஒரு காரணம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. இங்கே நெல்லை அரசாங்கமே அடிமாட்டு விலைக்கு வாங்கி வெளிநாட்டுக்கு விற்றது. நிலம் கைக்கு வந்தது, விலை வரவில்லை. 1962-இல் ராணுவ ஆட்சி வந்த பிறகு கடைகண்ணியும் அரசாங்கத்துக்குப் போயிற்று. அரிசி இறக்குமதி செய்துகொண்டிருந்த வியட்நாம் 1986-இல் கொள்கையை மாற்றிக்கொண்டது, 1989-க்குள் பெரிய ஏற்றுமதி நாடாகிவிட்டது.

இங்கும் ஒரு பத்து வருஷம் நன்றாக இருந்ததைத் தம்பி ஆசையோடு சொன்னான். "சிம் கார்டு ஆயிரத்தைந்நூறு கியாட்டுக்கு வந்த அன்னிக்குத் தெருவே கியூவுல நின்னுச்சுண்ணே." அது 2014. ஏழ்மை 2005-இல் 48.2 சதவீதமாக இருந்தது 2017-இல் 24.8 ஆனது. 2021 பிப்ரவரியில் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்த பிறகு வீடு வீடாகப் போக முடியாமல் போனில் கேட்டே கணக்கெடுக்கிறார்கள். 2023 கடைசியில் 49.7 என்றது ஐ.நா. வளர்ச்சித் திட்டம். சித்தியின் நோட்டில் எண்ணெய் இரண்டு வீசையிலிருந்து ஒன்றாக இறங்கியதும் அதே வருஷங்களில்தான்.

ஜனவரி 16, வியாழன்

கிளம்பும் முன் நோட்டை மறுபடி பார்த்தேன். 'மெட்ராஸ் தம்பி' என்று தனித் தலைப்பு. ஆறு நாளுக்கு எண்ணெய் முக்கால் வீசை, கோழி மூன்று, இறால், முந்திரி கால் வீசை (பொங்கலில் போடாமல் எனக்குக் கட்டிக் கொடுத்த பொட்டலம்). எங்கள் விதிப்படி விருந்தாளி தின்றதும் அந்த வீட்டுச் செலவிலேயே சேரும். இந்த மாதம் யாராவது படிவத்தோடு வந்தால் சித்தி வீடு ஒரு படி மேலே ஏறியிருக்கும்.

விமான நிலையத்தில் பாங்காக் வரிசை முழுக்கச் சின்னப் பெண்கள். ஒரே மாதிரி பை, கழுத்தில் ஏஜென்சி அட்டை. ஒருத்தியின் அம்மா கண்ணாடிக்கு வெளியே நின்று போனில் பேசிக்கொண்டே இருந்தார், எதிரே பார்த்தபடி.

பாங்காக்கில் இறங்கிப் போனைத் திறந்தால் தம்பியிடமிருந்து ஒரு படம். சித்தியின் நோட்டு. ஒரு புதுப் பக்கத்தில் 'வரவு' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாள். 'டாலர் 200.' கீழே சின்ன எழுத்தில்: '2 நோட்டும் மடிஞ்சிருக்கு.'

நல்ல நோட்டாகத்தான் பொறுக்கி வைத்தேன். வெற்றிலைப் பெட்டிக்குள் அடங்கவில்லை என்று கவரை இரண்டாக மடித்தவனும் நான்தான்.